ஒரு டாக்டர் டிமென்ஷியா என்கிறார், இன்னொருவர் அல்சைமர் என்கிறார்

மறதி பற்றிய கடிதங்கள் என் மேஜையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். இந்த முறை பக்கம் முழுவதையும் இந்தக் கடிதங்களுக்கே கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

டாக்டர் அம்மா, என் மாமியாருக்கு 73 வயது. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பேரனிடம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை “சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். உள்ளூரில் பார்த்த டாக்டர் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூரில் பார்த்தவர் அல்சைமர் என்றார். “அப்போ ரெண்டு வியாதியா? யார் சொன்னது சரி? பேசாம சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்கிறார் நாத்தனார். இரண்டும் ஒன்றா, வேறா?
வாசகி, கும்பகோணம்

இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம் அம்மா. சென்னைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

சாயங்காலம் வீட்டில் கரண்ட் போகிறது. கரண்ட் போனது எல்லோருக்கும் தெரிகிறது. ஏன் போனது என்பது தனிக் கேள்வி. ஃபியூஸ் போயிருக்கலாம், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் கோளாறு இருக்கலாம், காற்றில் மரம் சாய்ந்து ஒயர் அறுந்திருக்கலாம். டிமென்ஷியா என்ற சொல் “கரண்ட் போச்சு” என்பதைப் போன்றது. ஞாபகம், பேச்சு, கணக்கு, வழி கண்டுபிடிப்பது, முடிவெடுப்பது என்று மூளை பார்க்கும் வேலைகள் குறைந்துகொண்டே வந்து, அன்றாடக் காரியங்களுக்கே இன்னொருவர் துணை வேண்டும் என்ற கட்டம் வந்தால் அந்த நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அல்சைமர் என்பது அந்த நிலையை உண்டாக்கும் நோய்களில் ஒன்று. இருப்பதிலேயே பெரிய காரணமும் அதுதான். டிமென்ஷியா உள்ள 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு அல்சைமர் காரணமாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் இரண்டு பெயரும் பேச்சில் கலந்துவிட்டன. உள்ளூர் டாக்டர் நிலையைச் சொன்னார், தஞ்சாவூர் டாக்டர் காரணத்தைச் சொன்னார்.

அல்சைமர் என்பது ஒரு டாக்டரின் பெயர். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 1901-ல் அகுஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் கேஸ் ஷீட்டில் அப்படியே இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டில் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிடுகிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் “கீரை” என்கிறார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொல்கிறார். 1906-ல் அவர் இறந்த பிறகு அல்சைமர் அவர் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள், செல்களுக்கு உள்ளே முறுக்கேறிய நூல் போலச் சிக்கல்கள். படிவு அமிலாய்டு என்ற புரதம், சிக்கல் டௌ என்ற புரதம் என்பது பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அல்சைமர் நோய். இவை சேர ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆன பிறகுதான் வெளியே தெரிகிறது.

பெரும்பாலும் முதலில் அடிபடுவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. புது விஷயங்கள் பதிவாகும் இடம் அது. உங்கள் மாமியார் கேட்கிறார், பேரன் “சாப்பிட்டேன் பாட்டி” என்கிறான். அந்தப் பதில் அவருக்குள் பதிவாவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. அதே நேரம் தன் கல்யாணப் பந்தியில் என்ன பாயசம் போட்டார்கள் என்று கேளுங்கள், டக்கென்று சொல்லிவிடுவார். “பழசெல்லாம் ஞாபகம் இருக்கே, இவங்களுக்கு என்ன மறதி?” என்று உறவுக்காரர்கள் கேட்பது இதனால்தான்.

ஆனால் எல்லோருக்கும் அது ஞாபகத்தில்தான் தொடங்கும் என்று இருந்துவிடாதீர்கள். என் அம்மா மாயவரத்துக்காரி. மார்கழி முழுக்க வாசலில் புள்ளிக் கோலம்தான். 2011 மார்கழியில் ஒரு காலை நான் வெளியே வந்து பார்த்தபோது, 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி, ஒன்றுகூடப் பிசகாமல் வைத்து முடித்திருந்தாள். கையில் மாவோடு குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தாள். முதல் கோட்டை எந்தப் புள்ளியில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. “கண்ணு சரியா தெரியலடி” என்றாள். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன நான், என் வீட்டு வாசலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. வயசாகிவிட்டது என்று ஒன்றரை வருடத்தைக் கடத்திவிட்டேன். அந்த ஒன்றரை வருடத்தில் அவளோடு பேசி வைத்திருக்க வேண்டியவை நிறைய இருந்தன.

சரி, பெயரில் என்ன இருக்கிறது, எல்லாம் மறதிதானே என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. சில காரணங்களைச் சரிசெய்யவே முடியும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு இரண்டும் மூளையை மந்தமாக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சாதாரணம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும் வயதானவர்களைக் குழப்பிவிடும். மனச்சோர்வு அச்சு அசலாக மறதி வேஷம் போடும். நடை தரையில் ஒட்டினாற்போல் ஆகி, சிறுநீரும் அடக்க முடியாமல், மறதியும் வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு விவசாயி, 68 வயது. தென்னந்தோப்பில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக இடித்துக்கொண்டார். காயம்கூட இல்லை. ஆறு வாரம் கழித்து, மாட்டைக் கட்டின இடம் மறந்தது, மகனின் பெயர் மறந்தது, பகலெல்லாம் தூக்கம். “அப்பாவுக்கு அல்சைமர் வந்துடுச்சு” என்றே மகன் அழைத்து வந்தார். ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. துளை போட்டு அதை வடித்தார்கள். மறுவாரம் வார்டுக்குப் போனபோது, சினை மாடு கன்று போட்டதா என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே நாத்தனாரிடம் சொல்லுங்கள், மூன்றாவது டாக்டர் இப்போது தேவையில்லை. தஞ்சாவூர் டாக்டரிடமே இன்னொரு தடவை போங்கள். “எதனால் அல்சைமர் என்று முடிவு செய்தீர்கள்? பி12, தைராய்டு, சோடியம் பார்த்தாயிற்றா? மூளை ஸ்கேனில் என்ன தெரிந்தது? ஞாபகப் பரிசோதனையில் 30-க்கு எவ்வளவு வந்தது?” என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். மாமியார் போடும் எல்லா மாத்திரைகளையும், கைவைத்தியப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்புறம் ஒன்று. அவர் கையெழுத்துப் போடும் தெளிவோடு இருக்கும்போதே பாங்க், பென்ஷன், சொத்து விஷயங்களை அவருடைய விருப்பம் கேட்டு ஒழுங்கு செய்துவிடுங்கள். பல வீடுகளில் இதைத் தள்ளிப்போட்டுத்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

அப்பாவுக்கு 69. இருபது வருட பிபி. மூன்று வருடம் முன்பு வலது கை இழுத்துக்கொண்டது, சரியாகிவிட்டது. போன தீபாவளிக்குப் பிறகு திடீரென்று மந்தமாகிவிட்டார். சில மாதம் அப்படியே இருந்தார். சித்திரையில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினாற்போல் ஆகிவிட்டது. டிவியில் ஏதாவது பார்த்தால் பொல பொலவென்று அழுகிறார். அல்சைமர்தானே?
வாசகர், விருதுநகர்

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. “ஒரு படி கீழே இறங்கினாற்போல்” என்று எழுதியிருக்கிறீர்கள். அல்சைமர் சரிவுப்பாதை மாதிரி, எந்த மாதத்தில் இறங்கினோம் என்றே சொல்ல முடியாது. படிப்படியாக, இன்ன தேதிக்குப் பிறகு என்று சொல்லும்படி இறங்கினால் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் டிமென்ஷியாவை நினைக்க வேண்டும். வாஸ்குலர் டிமென்ஷியா என்பார்கள். கை கால் இழுக்காமலே சின்னச் சின்ன அடைப்புகள் மூளைக்குள் நடந்திருக்கலாம். எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரியும். இதில் ஞாபகத்தைவிட வேகமும் திட்டமிடுதலும்தான் முதலில் குறையும். கேள்விக்குப் பதில் வரும், ஆனால் நிதானமாக வரும். சட்டென்று அழுவதும் இதன் பகுதிதான். அப்பா மனம் உடைந்துவிட்டார் என்று நீங்களும் சேர்ந்து அழ வேண்டாம்.

போன மூளைப்பகுதி திரும்பாது. அடுத்த படி இறங்காமல் தடுக்கப் பாடுபடலாம். அந்த நம்பிக்கை இந்த வகையில் உண்டு. பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இறுக்கிப் பிடியுங்கள். பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். “தலை சுத்தல, அதனால பிபி மாத்திரையை நிறுத்திட்டேன்” என்று அப்பா சொல்ல விடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். வயது கூடக் கூட அல்சைமரும் ரத்தக்குழாய் அடைப்பும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவதும் மிகச் சாதாரணம், அதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மா புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில். முற்றத்தில் மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார், அவர்களுக்கும் சோறு போடச் சொல்கிறார். ஒரு நாள் தெளிவாகப் பேசுகிறார், மறுநாள் ஒன்றும் புரியவில்லை. நடை குறுகிவிட்டது. சித்தப்பா பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார். உள்ளூரில் மனநல மாத்திரை கொடுத்ததும் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிட்டது.
வாசகர், சிங்கப்பூர்

இந்தக் கடிதத்துக்குத் தபாலிலேயே பதில் போட்டுவிட்டேன், தாமதிக்கக் கூடாதது என்பதால். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

இல்லாத ஆட்களை, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளையோ பிராணிகளையோ, துல்லியமாகப் பார்ப்பது, நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குவது, பார்க்கின்சன் நோய் போல நடை குறுகுவது. இந்த மூன்றும் சேர்ந்தால் லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். அல்சைமரில் வேறு புரதம், இதில் வேறு புரதம். பல வருடம் முன்பிருந்தே தூக்கத்தில் கத்துவார், கை காலை உதைப்பார் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பெயர் தெரியாவிட்டால் ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மாயத் தோற்றத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு விறைக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எலும்பு முறிவுக்கே போனாலும், “இவருக்கு லூயி பாடி இருக்கலாம் என்று சந்தேகம், அந்த மாத்திரை கொடுத்தபோது விறைத்துவிட்டது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் மருந்துப் பையில் வையுங்கள். மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள். உடனே நரம்பியல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முற்றத்துப் பிள்ளைகளைப் பற்றி அம்மா பயப்படவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். “சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்கம்மா” என்று சொன்னால் போதும்.

எனக்கு 46 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. அல்சைமர் ஆரம்பமா?
வாசகி, திருப்பூர்

சாவியை வைத்த இடம் மறந்தால் பயம் இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசித்தால் வாருங்கள். கணக்கு சரியாகப் போகிறதா? பெயர் கொஞ்ச நேரம் கழித்தாவது வந்துவிடுகிறதா? அப்படியானால் தூக்கம் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், தைராய்டும் பி12-ம் பார்த்துவிடுங்கள்.

என் கணவருக்கு 57. முப்பது வருடம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனிதர். இப்போது துக்க வீட்டில் சிரிக்கிறார். கடையில் காசு கொடுக்காமல் ஜாங்கிரியை எடுத்து வாயில் போடுகிறார். ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. நியூரோ டாக்டர் இதையும் டிமென்ஷியா என்கிறார். மறதியே இல்லாமல் டிமென்ஷியாவா?
வாசகி, கோயம்புத்தூர்

உண்டு. ஃபிரன்டோ டெம்போரல் டிமென்ஷியா. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நம்மைக் கட்டிவைத்திருக்கிறது. அது தேய்ந்தால் குணம் முதலில் மாறும், ஞாபகம் பல காலம் நிற்கும். நாற்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குள் வருவது அதிகம். இனிப்பின் மீது ஆசை கூடுவதும் இதில் அடிக்கடி பார்ப்பதுதான். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் குடும்பத்தார் 2023-ல் வெளியே சொன்னது இந்த நோயைத்தான்.

அவர் மாறியது உங்கள் மேல் அன்பு குறைந்ததால் என்று மட்டும் நினைக்காதீர்கள் அம்மா. இந்த நோயில் குடும்பம் உடைவதை நான் பார்த்திருக்கிறேன். நோய் என்று தெரிவதற்கு முன்பே விவாகரத்துவரை போய்விடுகிறார்கள். வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம் நிலைமையைச் சொல்லி, மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் கார்டும் கார் சாவியும் உங்கள் கையில் இருக்கட்டும். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை இதற்குப் பயன் தராது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். யாராவது எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

அல்சைமருக்கு ஊசி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
வாசகர், சேலம்

பாதி உண்மை. லெக்கானிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023-லும் டோனானிமாப் மருந்துக்கு 2024-லும் முழு அனுமதி கிடைத்தது. மூளையில் படியும் அமிலாய்டைக் கரைக்கின்றன. நோய் இறங்கும் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை, போனதைத் திருப்பித் தருவதும் இல்லை. ஆரம்பக் கட்ட அல்சைமருக்கு மட்டும்தான், அதுவும் அமிலாய்டு இருப்பதைப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகு. மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மேலே சொன்ன மற்ற டிமென்ஷியாக்களுக்கு இது மருந்தே இல்லை.

எனக்கு 76. என் மனைவிக்கு அல்சைமர் என்று சொல்லி ஐந்து வருடம். சாயங்காலம் ஆனால் என்னைப் பார்த்து, “யாரு நீங்க? எங்க வீட்டுக்காரர் மில்லு விட்டு வர்ற நேரம். நீங்க கிளம்புங்க” என்கிறாள். நாற்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவள். மில்லுக்கு சைக்கிளில் போய் வந்தவன் நான். நான்தான் உன் புருஷன் என்று கல்யாண போட்டோவைக் காட்டினால் அழுகிறாள். நான் என்ன செய்ய?
வாசகர், திருநெல்வேலி

ஐயா, போட்டோவில் இருப்பவருக்கு 28 வயது. உங்கள் மனைவி மனசில் அவர்தான் இருக்கிறார். எதிரே 76 வயதுக்காரர் ஒருவர் நின்று நான்தான் அது என்றால் அவருக்குப் பயம்தான் வரும். என் அம்மா கடைசி இரண்டு வருடம் என்னை “அக்கா” என்று கூப்பிட்டாள். முதல் மாதம் முழுக்க “நான் உன் பொண்ணும்மா” என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அவள் முகம் சுருங்கிப்போகும். பிறகு அக்காவாகவே இருந்துவிட்டேன். அவளுடைய அக்கா அவளுக்குத் தலை பின்னிவிடுவாராம், எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் இந்தக் குழப்பம் கூடுவது இந்த நோயில் வழக்கம். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். அவருடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள், காது கேட்கிறதா என்று ஒரு முறை காட்டுங்கள். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் ஒரேயடியாகக் கூடினால் அது அல்சைமரின் வேலையாக இருக்காது, சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போங்கள்.

உங்களுக்கும் உடம்பு இருக்கிறது. வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது தங்கையோ மருமகளோ வந்து கூட இருக்கட்டும், கேட்பதில் கூச்சம் வேண்டாம். யாரும் இல்லாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்து, உங்கள் பக்கத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள்.

மில்லுக்கு சைக்கிளில் போய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த சைக்கிள் இன்னும் இருக்கிறதா? அடுத்த முறை அவர் “கிளம்புங்க” என்றால், “சரிம்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பக்கத்து வீட்டாரைக் கொஞ்ச நேரம் அவரோடு இருக்கச் சொல்லுங்கள். தெருமுனைவரை போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். முன்பு ஷிப்ட் முடித்து வந்தபோது வாசலில் எப்படி பெல் அடிப்பீர்களோ அப்படியே அடியுங்கள், செருப்பைக் கழற்றும்போது அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.